ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு எத்தனை மணி?

மூன்று வாரமாக எங்கள் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. காரணம் 'ஒளியும் ஒலியும்'. சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த அந்தப் பாட்டு நிகழ்ச்சி ஏழரை மணிக்கா, எட்டு மணிக்கா? எந்த ஆண்டு வரைக்கும் ஏழரை, எந்த மாதத்திலிருந்து எட்டு? பழைய வார இதழின் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து ஒருவர் அனுப்புகிறார். அதை மறுத்து நாளிதழ்த் துணுக்கு ஒன்றை இன்னொருவர் அனுப்புகிறார். ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். யாருக்கும் இதில் ஒரு பைசா சம்பளம் கிடையாது.

போன ஞாயிறு நைனார்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தச் சண்டையை போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவர் காதிலும் விழுந்தது. போனை வைத்ததும் சொன்னார்: "ஏழரையா எட்டான்னு இம்மா நேரமாடா சண்ட போடுவாங்க? ஜன்னல்ல நின்னு பாத்தவங்களுக்கு மணி என்னா தெரியும்? உள்ள இருக்கறவன் எப்ப கதவச் சாத்துறானோ அதான் எங்களுக்கு முடியற நேரம்."

அம்மா சொன்ன இந்த வரிக்கு எங்கள் பட்டியலில் இடம் கிடையாது என்று முடிவாகியிருக்கிறது. அது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டியலைப் பற்றி. நாங்கள் ஏழு பேர். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வரும் வரைக்கும், எந்த நாளில் எத்தனை மணிக்கு என்ன வந்தது என்று தேதிவாரியாகத் திரட்டுகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது நோக்கம். 'வயலும் வாழ்வும்', 'எதிரொலி', ஞாயிறு மாலைத் திரைப்படம் எல்லாம் அதில் வரும். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் 1946 தொடங்கி அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்புகளின் அட்டவணை ஆண்டுவாரியாக இருக்கிறது. அதையும் எங்களைப் போன்ற ஊதியமில்லாத ஆட்கள்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு திருத்துகிறார்கள். விக்கிப்பீடியா ஒரு நிகழ்ச்சி வழிகாட்டி அல்ல என்று அங்கே ஒரு விதி உண்டு. வரலாற்று முக்கியத்துவம் உள்ள அட்டவணை என்றால் மட்டும் இருக்கலாம். எதற்கு வரலாற்று முக்கியத்துவம், அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் எல்லாச் சண்டையும் வந்து நிற்கும். அங்கேயும், இங்கேயும்.

என் ஆய்வு கிராமங்களில் அரசு வைத்துக்கொடுத்த பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றியது. அதனால்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் மூத்தவர் சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உழைப்பாளி, என்னைத் 'தம்பி' என்று அன்பாகக் கூப்பிடுவார். அவர் சாதியைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் 1978-இலேயே டிவி இருந்தது. அவர் வகுத்த விதி ஒன்றுதான்: அச்சில் வந்திருந்தால் எடுத்துக்கொள்வோம், வாய்வழிச் செய்தி வேண்டாம். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க தம்பி. நினைவு ஏமாத்தும்."

நினைவு ஏமாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. அச்சு ஏமாற்றாது என்பதைத்தான் மறுக்கிறேன்.

நாளிதழில் வரும் நிகழ்ச்சி நிரல் என்பது என்ன? நாளை இதைப் போடப்போகிறோம் என்று நிலையம் முன்கூட்டியே கொடுக்கும் வாக்குறுதி. போட்டார்களா என்பது வேறு கதை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டுமா? எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை விடிவதற்கு முன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய வாரமே அச்சான எந்த இதழிலும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வழக்கமான நிகழ்ச்சிகள்தான் இருந்திருக்கும். எங்கள் பட்டியலில் அந்த நாளுக்கு நேராக 'ஒளியும் ஒலியும்' என்று இருக்கிறது, மூலக் குறிப்போடு. மெரினாவில் எம்.ஜி.ஆரை அடக்கம் செய்த நாளில் சினிமாப் பாட்டு போட்டிருப்பார்களா என்று கேட்டேன். "அச்சில் அப்படித்தான் இருக்கு, வேற அச்சு ஆதாரம் வந்தா மாத்தலாம்" என்றார்கள். நாளிதழ்களில் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கிற வரைக்கும் எங்கள் வரலாற்றில் தமிழ்நாடு அன்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிக்கல் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. பிபிசி தன் 'ரேடியோ டைம்ஸ்' இதழ்களில் 1923 முதல் 2009 வரை வந்த நிகழ்ச்சி விவரங்களை எண்மப்படுத்தி 2014-இல் 'ஜீனோம்' என்ற பெயரில் திறந்துவிட்டது. இது இதழில் அச்சான அட்டவணை மட்டுமே, ஒளிபரப்பானது இதுதான் என்று உறுதியில்லை என்று அவர்களே எச்சரிக்கிறார்கள், வாசகர்களிடம் திருத்தமும் கேட்கிறார்கள். பிபிசிக்கே தன் அச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நமக்கு இருக்கிறது.

இனி அம்மாவின் சாட்சியத்துக்கு வருகிறேன்.

அம்மா பிறந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பெயர் வேண்டாம். அங்கே பொது டிவி, ஊர்த்தெருவில் இருந்த கட்டடத்துக்குள் ஒரு மரப்பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பொது என்பது அதன் பெயர். காலனிப் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. போகாதே என்று யாரும் பலகை மாட்டவில்லை. பலகை இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெருப் பக்கம் இருந்த ஜன்னல்தான் காலனிக்கு. உயரமான பிள்ளைகளுக்குப் படம் தெரியும், மற்றவர்களுக்குச் சத்தம் கேட்கும். உள்ளே யாராவது எழுந்து நின்றால் அதுவும் போச்சு.

எம்.ஜி.ஆர். இறந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தார்கள் என்கிறார் அம்மா. கூட்டம் கட்டடத்துக்குள் அடங்கவில்லை. அழுகிற கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. பதினேழு வயதில், முதல் முறையாக, டிவியை நேர் எதிரே நின்று பார்த்தார். "அன்னிக்குப் பாட்டும் இல்ல, கீட்டும் இல்ல. அவர வண்டில வெச்சு இழுத்துக்கினு போறதத்தான் காட்டினாங்க." தெருவுக்கு வந்த டிவி பத்து நாளில் திரும்ப உள்ளே போய்விட்டது. ஜன்னலும் பழையபடி ஜன்னலாயிற்று.

இதைப் பதிவு செய்து குழுவில் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரு குறிப்பு போதும் என்றேன். நீக்கப்பட்டது. காரணம், அம்மா ஒரு இடத்தில், வண்டி முழுக்க மாலை 'சேப்பு சேப்பா' இருந்தது என்று சொல்லியிருந்தார். அந்த ஊர்ப் பெட்டி கறுப்பு வெள்ளை. நானே விசாரித்து உறுதி செய்தது அது. ஆக அம்மா, பின்னாளில் வண்ணத்தில் பார்த்த படத்தை அன்று பார்த்ததோடு கலந்துவிட்டார். நான் அதை மறைக்கவில்லை. பதிவிலேயே குறித்துத்தான் கொடுத்தேன். அந்த ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சாட்சியத்தையும் தள்ளிவிட்டார்கள்.

சரி, இன்னொன்று. புதன்கிழமையும் பாட்டு வரும் என்றார் அம்மா. "தம்பி, ஒளியும் ஒலியும் வெள்ளிக்கிழமை மட்டும்தான், அம்மாவுக்குக் கிழமை குழம்புது" என்றார் பெரியவர். குழம்பியது அம்மா இல்லை. புதன்கிழமை வந்தது இந்திப் பாட்டு நிகழ்ச்சியான 'சித்ரஹார்'. "பாச தெரியாது, ஆனா பாட்டு நல்லாருக்கும்" என்று அம்மா அடுத்த வரியிலேயே சொல்லியிருந்தார். பதிவை முழுதாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 1984 வாக்கில் நாடெங்கும் நட்ட சிறிய ஒளிபரப்பிகள் பலவும் டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழி வந்ததை அப்படியே திருப்பி அனுப்பியவை. சென்னைக்காரருக்குச் சென்னை அட்டவணைதான் தமிழ்நாட்டு அட்டவணை. பழைய தென்னாற்காட்டின் மேற்குக் கோடியில் கம்பத்தின் மேல் ஆண்டனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த ஊருக்கு எது, எந்த வருடத்திலிருந்து, எவ்வளவு புள்ளியோடு எடுத்தது என்பது தனி அட்டவணை. அது எந்த இதழிலும் அச்சாகவில்லை. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அச்சுக்கு இருக்கிற சலுகையைக் காட்ட ஒரு சின்னக் கணக்கு. 'ராமாயணம்' 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலை, 78 பகுதிகள். எங்கே பார்த்தாலும் இதே தகவல்தான். நாள்காட்டியை வைத்து எண்ணினேன். அந்த இடைவெளியில் 80 ஞாயிறுகள் வருகின்றன. இரண்டு ஞாயிறு எங்கே போயிற்று? 'மகாபாரதம்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை, 94 பகுதிகள். அந்த இடைவெளியில் 91 ஞாயிறுதான். மூன்று பகுதி எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு வாரம் இரண்டு போட்டிருக்கலாம், தேதி ஒன்று தவறாக இருக்கலாம், எண்ணிக்கையே பின்னாளில் வேறு மாதிரிப் பிரித்ததாக இருக்கலாம். நான் பார்த்த பட்டியல் எதிலும் விளக்கம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு உதைக்கிறதே என்று யாரும் அச்சைப் பார்த்து "நினைவு தப்புது" என்று சொல்லவில்லை. "சரி பார்க்கணும்" என்று மரியாதையாக ஒரு கேள்விக்குறி போட்டார்கள். அம்மா ஒரு நிறத்தைத் தப்பாகச் சொன்னால் மொத்தமும் பொய். அச்சு மூன்று வாரத்தைத் தப்பாகச் சொன்னால் ஒரு கேள்விக்குறி. இந்த வித்தியாசத்துக்கு ஆய்வு முறை என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ராமாயணத்தை இவ்வளவு சீக்கிரம் விட முடியாது. எங்கள் குழுவில் நடந்த ஆகப் பெரிய சண்டை அதைப் பற்றித்தான்.

அந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நாடே வெறிச்சோடிப் போகும். எங்கள் பட்டியலின் முன்னுரையிலும் அந்த வாக்கியம் ஏறிவிட்டது. அதற்கு அச்சு ஆதாரம் கட்டுக்கட்டாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம காலையில நாங்க களையெடுக்குற காட்டுல இருப்போம். எங்களுக்கு ஏதுடா ஞாயிறு?" என்றார். கூலி வேலைக்கு வாரக் கிழமை கிடையாது. ஒன்பதரைக்கு ஊர்த்தெரு வெறிச்சோடியிருக்கலாம். வரப்பு வெறிச்சோடவில்லை. மாடு கட்டுத்தறியிலேயே நிற்கவில்லை. நகரத்தில் குப்பையும் தானாகப் போய்விடவில்லை. அந்த வாக்கியத்தில் வரும் 'நாடு' என்பது யார்?

அந்தக் குப்பைதான் இந்தக் கதையில் முக்கியமானது. தொடருக்கு முதலில் அனுமதி கிடைத்தது 52 பகுதிகளுக்கு. நீட்டி நீட்டி 78 ஆனது. 1988 ஜூலை 31 அன்று ராமன் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிட்டார்கள். உத்தர காண்டம் வரவில்லை. அதில்தான் வால்மீகி சீதைக்கு அடைக்கலம் தருகிறார், லவனும் குசனும் அவரிடம் வளர்கிறார்கள். வால்மீகியைத் தங்கள் குருவாகக் கொண்டாடும் வால்மீகி சமூகத்துத் தூய்மைப் பணியாளர்கள் ஜலந்தரில் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். எங்கள் குரு வரும் பகுதியை வெட்டிவிட்டு எப்படிக் கதையை முடிப்பீர்கள் என்பது கேள்வி. வேலைநிறுத்தம் வட இந்திய நகரங்கள் வேறு சிலவற்றுக்கும் பரவியது. தெருவில் குப்பை மலையானது. அரசு இறங்கி வந்தது. மேற்கொண்டு பகுதிகள் எடுக்கச் சொன்னார்கள். 'லவ குசா' வந்தது இப்படித்தான். பிபிசி செய்தியாளர் மார்க் டல்லி இதைத் தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். ஆக, அச்சு இல்லையே என்றும் சொல்ல முடியாது.

நினைத்துப் பாருங்கள் தோழர்களே. இந்தியத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி நிரலைத் தலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து மாற்றியிருக்கிறார்கள். மந்திரி மாற்றவில்லை, விளம்பரதாரர் மாற்றவில்லை. ஒரு அட்டவணையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்? எங்கள் பட்டியலில் 'லவ குசா'வுக்கு நேராக இருக்கும் குறிப்பு: "நேயர் விருப்பத்துக்கிணங்க நீட்டிக்கப்பட்டது."

நேயர் விருப்பம்! குப்பை அள்ள மறுத்ததற்குப் பெயர் நேயர் விருப்பம். இதை மாற்றி "தூய்மைப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து" என்று எழுதினேன். மறுநாள் பழையபடி ஆனது. டல்லியின் புத்தகத்தைக் காட்டினேன். "அது அட்டவணை இல்லை தம்பி, அது சமூகவியல். நாம அட்டவணை மட்டும்தான் போடறோம்" என்றார்கள். ஆக, அச்சுதான் வேண்டும் என்பதும் உண்மையில்லை. அம்மா பேசினால் அச்சு இல்லை என்கிறார்கள். அச்சைக் கொண்டுவந்தால் பொருத்தமில்லை என்கிறார்கள். கதவு ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்துக்காகச் சாத்தப்படுகிறது. சாத்தப்படுவது மட்டும் மாறுவதில்லை.

ராமன் கதையில் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியதைப் போய்ப் போராட்டம் என்று கொண்டாட வேண்டுமா என்று பெரியாரைப் படித்த நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கேட்டு வாங்கிய அதே உத்தர காண்டத்தில்தான் தவம் செய்த குற்றத்துக்காக ராமன் சம்பூகன் தலையை வெட்டுகிறான். அந்தக் கசப்பு எனக்கும் உண்டு. அந்தச் சண்டையை நமக்குள் தனியாகப் போடுவோம். ஆனால் நடந்ததை நடந்ததாகப் பதிவதற்கு, அவர்கள் கேட்டது நமக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

பெயர் வைப்பதில் வந்த சண்டை சின்னதுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் பட்டியல் முடியும் நாள் 1993 ஏப்ரல் 14. "தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடக்கம்" என்று போட்டிருக்கிறோம். அன்று அம்பேத்கர் பிறந்தநாளும்கூட, ஒரு சொல் சேர்க்கலாமே என்றேன். தேவையற்ற அரசியல் என்றார் ஒருவர். 2008-இல் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிச் சட்டம் வந்தபோது, சில தொலைக்காட்சிகள் அதே ஏப்ரல் 14-ஐச் 'சித்திரைத் திருநாள்' ஆக்கின. 2011-இல் சட்டம் திரும்பப் போனது. கலைஞர் தொலைக்காட்சி விநாயகர் சதுர்த்தியன்று 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' போட்டதைக் கிண்டல் செய்யாதவர் யார்? 2022-இல் தமிழ்நாடு அரசு ஏப்ரல் 14-ஐச் சமத்துவ நாளாக அறிவித்தது. ஒரே நாளுக்கு மூன்று பெயர், மூன்றும் அரசியல். இதில் ஒன்று மட்டும் இயற்கையாக விளைந்தது போலவும் மற்றவை ஒட்டவைத்தது போலவும் பேசுவதற்குத் துல்லியம் என்று பெயர் இல்லை.

இதுவரைக்கும் படித்துவிட்டு நம் பக்கத்துத் தோழர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

இந்தப் பஞ்சாயத்தைச் சொன்னபோது இயக்கத் தோழர் ஒருவர் சொன்னார்: "தேதி, மணி, கிழமை இதெல்லாம் அவங்க விளையாட்டு தோழர். பஞ்சாங்கம் பாக்குற புத்தி. நமக்கு அனுபவம் போதும்." கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் பேச்சு இது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் நான் அம்மாவுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். மாலை சிவப்பாக இருந்ததா என்று அம்மாவைக் குறுக்குக் கேள்வி கேட்டது நான்தான். கேட்டதால்தான் டிவி தெருவுக்கு வந்தது உண்மை, நிறம் மட்டும் கலப்பு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து போயிருக்கும். அம்பேத்கர் 'தீண்டப்படாதார்' நூலின் முன்னுரையில், சான்றுகள் அறுந்துபோன இடத்தில் ஊகத்தால் பாலம் கட்ட ஆய்வாளனுக்கு உரிமை உண்டு என்று வாதிடுகிறார். ஆனால் எது சான்று, எது தன் ஊகம் என்று வாசகருக்கு மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கட்டுகிறார். அடிக்குறிப்பில் பிசகு இருந்தால் நம்மைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பரம்பரையாக நம்பப்படுகிறவன் ஒரு தேதியைத் தவறவிடலாம், மன்னிப்பு உண்டு. நமக்குக் கிடையாது. அதனால் எனக்கு ஏழரையா எட்டா என்பதும் வேண்டும். இரவு எட்டு மணிக்குக் காலனிப் பெண்கள் ஊர்த்தெருவைத் தாண்டித் திரும்புவதும் ஏழரைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. அந்த அரை மணி நேரத்தில் எத்தனை வீட்டில் அடி விழுந்தது என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

சாட்சியத்தை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதற்கு வெளியே நல்ல உதாரணம் உண்டு. 1960-களில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை பிபிசி அழித்துவிட்டது. ஒளிநாடா விலை அதிகம், திரும்பப் பயன்படுத்தலாம் என்ற கணக்கு. படம் போய்விட்டது. ஆனால் காணாமல் போன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் டிவி முன்னால் மைக்கைப் பிடித்து நாடாவில் பதிந்து வைத்த ரசிகர்கள் இருந்தார்கள். இன்று அந்த ஒலியை பிபிசியே வெளியிடுகிறது. பக்கத்து அறையில் ஏதாவது சத்தம் கேட்டிருக்கலாம் என்பதற்காக யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. அம்மாவின் நினைவு ஒலிநாடா இல்லைதான், தெரியும். ஆனால் படம் தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டு வைத்திருக்கும் ஒரு தலைமுறை இந்த மாவட்டத்தில் அறுபதைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் இருக்கிறது. இந்தச் சாட்சியத்தைக் குறித்து வைக்க நமக்கு இன்னும் பத்து, பதினைந்து வருடம்தான் இருக்கிறது.

இலவச டிவியைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். பட்டியலின் கால எல்லைக்கு வெளியே என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். "ஓட்டுக்குக் கொடுத்த பெட்டிக்கும் தொலைக்காட்சி வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி போயிற்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெட்டியைப் பிரித்து வைத்ததும் அம்மா செய்த முதல் வேலை, அதற்கு நேர் எதிரே, மிக அருகே, தரையில் உட்கார்ந்ததுதான். கண் கெட்டுப் போகும் தள்ளி உட்காரும்மா என்று நான் கத்தினேன். அப்போது எனக்கு ஜன்னல் கதை தெரியாது.

நான் குழுவிலிருந்து விலகவில்லை. விலகினால் அவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும். மணி, நிகழ்ச்சி, மூலம் என்று மூன்று கட்டம் இருந்த பட்டியலில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். 'எந்த ஊரில் எடுத்தது' என்று ஒன்று. 'எங்கிருந்து பார்த்தார்கள்' என்று ஒன்று. வாய்மொழி என்றால் வாய்மொழி என்றே குறிப்போம், அச்சு என்றால் 'முன்கூட்டி அறிவித்தது' என்று குறிப்போம். இரண்டையும் ஒரே சந்தேகத்தோடு நிறுத்தி விசாரிப்போம். ஏழில் மூன்று பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேலைநிறுத்த வரிக்கு அருகே இப்போதைக்குச் 'சர்ச்சைக்குரியது' என்ற குறி இருக்கிறது. நேயர் விருப்பத்துக்கு அருகே அந்தக் குறி இல்லை. அதையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் வெள்ளிமலைக்கு பஸ் ஏறுகிறேன். கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசிடம் வந்ததே 1976-இல்தான். சென்னைத் தொலைக்காட்சி அதற்கு ஒரு வருடம் மூத்தது. அந்த மலையில் முதல் டிவி எந்த ஊரில், யார் வீட்டில், எந்த வருடம் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அம்மாவும் வருகிறேன் என்கிறார். என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்.